கடிக்கிற புள்ளைக்கு ஒரு நோட்டு

இடது கை முறத்துல கொண்டைக்கடலையைக் கிளறிக்கிட்டு இருக்கு, வலது கையில பேனா. கல்லு தட்டுப்பட்டா பேனாவைக் கீழ வச்சுட்டு எடுத்துப் போடுறேன். அதனால நடுவுல எழுத்து கோணிக்கிட்டுப் போச்சுன்னா பொறுத்துக்கோங்க. பால்வாடி வேலையில ரெண்டு கையும் ஒரே வேலையில இருந்த நாளே கிடையாது. என்னை மாதிரி ஆயா வேலை பாக்குறவங்களுக்கு இதைச் சொல்லாமலே புரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்: கதவைத் திறந்து கூட்டணும், தண்ணி பிடிக்கணும், வீடு வீடாப் போய்ப் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வரணும், சமைக்கணும், ஊட்டணும், கழுவிவிடணும், தூங்கவைக்கணும், அப்புறம் மறுபடியும் கூட்டணும்.

எங்களுது மாடம்பாக்கத்துல ஏரிக்கரைப் பக்கம் இருக்குற பால்வாடி. ஒரு பெரிய அறை, பின்னால சின்னதா சமையல்கட்டு, இருபத்திரண்டு புள்ளைங்க. பாடத்துக்கும் பதிவுக்கும் வசந்தா டீச்சர், மத்த எல்லாத்துக்கும் நான். என் பொண்ணு யாழினிக்கு மூணு வயசு, அவளும் அந்த இருபத்திரண்டுல ஒருத்தி. நான் ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன். நாலு பேர் முன்னாடி பேசச் சொன்னா வார்த்தையே வராது. "பேச வேண்டாம் செல்வி, எழுதிக் குடு. மத்த சென்டர் ஆயாங்களும் படிக்கட்டும்"னு டீச்சர் சொன்னாங்க. எழுதுறேன்.

இருபத்தாறு வயசு ஆயா

நம்ம வேலைக்கு உதவியாளர்னு தாள்ல பேரு இருக்கு. அந்தப் பேரைச் சொல்லி யாராவது உங்களைக் கூப்பிட்டிருக்காங்களா? என்னை முதல் நாளே ஊர் மொத்தமும் ஆயாவாக்கிடுச்சு. காலேஜ் பசங்க ஆயாங்குறாங்க, காய்கறி வண்டிக்காரர் ஆயாங்குறாரு. என் பொண்ணே பால்வாடிக்குள்ள வந்துட்டா அம்மாங்குறதை மறந்துட்டு மத்த புள்ளைங்களோட சேர்ந்து ஆயாங்குறா.

சேர்ந்த முதல் வாரம், பேரனை விட வந்த பெரியவர் ஒருத்தர் வாசப்படியில நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு வெக்கம், தலையைக் குனிஞ்சுக்கிட்டு செருப்பை அடுக்கிக்கிட்டு இருந்தேன். அவரு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டுக் கடைசியில சொன்னாரு: "ஆயா, எனக்கு அறுபத்து மூணு வயசு ஆவுது, எம்மா நேரமா நின்னுகினே கீறேன், ஒரு சேர் எடுத்துப் போட மாட்டியா?"

யானை என்ன செஞ்சது

போன ஆடி மாசம் டீச்சர் பயிற்சிக்குப் போயிட்டு ஒரு பை நிறையப் படப் புத்தகம் கொண்டுவந்தாங்க. தினமும் ஒரு கதை வாசிச்சுக் காட்டணுமாம், புள்ளைங்க எழுத்தைப் பாத்துக்கிட்டே கேக்கணுமாம். டீச்சர் பாவம், எடை, உயரம், போட்டோன்னு பாதி நாள் செல்போன்ல பதிவு ஏத்துறதுலயே போயிடுது. "நீ வாசி செல்வி"ன்னு புத்தகத்தை என் மடியில வச்சுட்டாங்க.

பத்து வருஷமா ரேஷன் கடை போர்டைத் தவிர எதையும் சத்தமா வாசிச்சதில்ல. படத்தைப் பாத்து நானே ஒரு கதை விட்டேன். முதல் நாள் யானை குளிச்சுது. மறுநாள் அதே பக்கத்துல தூங்குச்சு. மூணாம் நாள் கல்யாணத்துக்குப் போச்சு. அப்போ ஹரிணின்னு நாலு வயசுப் பொண்ணு எழுந்து வந்து பக்கத்து மேல உள்ளங்கையை வச்சு மறைச்சுட்டா. சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "நீ படிக்கல ஆயா, சும்மா சொல்ற"ன்னா. எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு.

அன்னையிலேருந்து மதியம் புள்ளைங்க தூங்குற நேரத்துல அந்தப் புத்தகத்தை முணுமுணுத்துப் பழகினேன். நாலு நாள் கழிச்சு, எழுத்துக்குக் கீழ விரலை வச்சு, தடுக்கித் தடுக்கி நிஜமாவே வாசிச்சேன். ஹரிணி என் மடியில ஏறி உக்காந்து, என் விரல் மேல அவ விரலை வச்சுக்கிட்டா. ஒரு பெரிய வார்த்தையில நான் சிக்கிக்கிட்டு வேர்த்தப்போ அவ திரும்பிப் பாத்துச் சொன்னா: "மெதுவா படி ஆயா, நான் எங்கயும் போவ மாட்டேன்."

யாழினி கை

இந்த ஹரிணிதான் கடிப்பா. ஒரு நிமிஷம் சும்மா விளையாடிக்கிட்டு இருப்பா, அடுத்த நிமிஷம் பக்கத்துல இருக்குற புள்ளையோட கை அவ வாயில இருக்கும். இழுத்துப் பிரிக்கணும். பிரிச்சப்புறம் அவதான் அதிகமா அழுவா. ரெண்டு வாரத்துல நாலு பேரைக் கடிச்சிருந்தா. அஞ்சாவது ஆள் யாழினி.

சமையல்கட்டுலேருந்து ஓடி வந்து பாத்தேன். என் பொண்ணு முழங்கைக்குக் கீழ பல்லு வரிசை அப்படியே பதிஞ்சு கிடந்தது. பெத்தவ கண்ணுக்கு அதுக்கப்புறம் வேற எதுவும் தெரியல. அடிக்கல, ஆனா ஹரிணியைத் தரதரன்னு இழுத்துப் போய் செருப்பு கழட்டுற இடத்துல தனியா உக்காரவச்சேன். சாப்பாடும் அங்கதான். மதியம் முழுக்க அவ பக்கமே திரும்பல. உங்கள்ல எத்தனை பேர் இப்படிச் செஞ்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும், அதான் மறைக்காமச் சொல்றேன். சாயங்காலம் வீட்ல மஞ்சள் தடவிக்கிட்டு இருந்தப்போ என் வீட்டுக்காரர் கேட்டாரு: "ஊர் புள்ளைங்களுக்கெல்லாம் நீ ஆயா, நம்ம புள்ளைக்கு யாரு?"

முதல் கையெழுத்து

மறுநாள் சுமதி அக்கா ஒரு பேப்பரோட வந்தாங்க. அவங்க பையனையும் ஹரிணி கடிச்சிருந்தா. நல்லவங்கதான், பால்வாடிக்கு ஃபேன் வேணும்னு அலைஞ்சு வாங்கிக் குடுத்ததே அவங்கதான். 'மற்ற குழந்தைகளின் பாதுகாப்பு கருதி ஹரிணியை நீக்கும்படி' சூப்பர்வைசர் மேடத்துக்கு மனு. எட்டு அம்மாங்க கையெழுத்துப் போடப் போறாங்களாம். "கடி வாங்கின புள்ளையோட அம்மா, அதுவும் இங்கயே வேலை பாக்குறவ. உன் கையெழுத்து மேல இருந்தாதாம்மா வெயிட்டு"ன்னு பேனாவை நீட்டினாங்க. எனக்கு முடியாதுன்னு சொல்ல எந்தக் காலத்துலயும் வந்ததில்ல. அன்னைக்குச் சொல்லணும்னு தோணவும் இல்ல. முதல் ஆளாப் போட்டேன்.

சாயங்காலம் ஹரிணியோட அம்மா லதா வந்தா. எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல் வேலை. புருஷன் வெளியூர் லாரி, மாசத்துல நாலு நாள்தான் வீடு. மனு விஷயம் அவளுக்குத் தெரியாது. யாழினி கையைப் பாத்துட்டுக் கண் கலங்கி, பர்ஸிலேருந்து ஒரு களிம்பு எடுத்துக் குடுத்தா. அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னா: "கோச்சுக்காத ஆயா. நீங்க வேணாம்னுட்டா எனக்கு வேற போக்கு இல்ல, வூட்ல உள்ள வச்சுப் பூட்டினுதான் வேலைக்குப் போவணும்."

எழுதத் தெரிஞ்ச வரைக்கும்

ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன், முடியல. டீச்சர் கிட்டக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு பாத்தேன். அவங்க பீரோவிலேருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக் குடுத்தாங்க. "மேடம் வர இன்னும் மூணு வாரம் இருக்கு. பயிற்சியில ஒண்ணு சொன்னாங்க. ஒரு புள்ளையைக் கெட்ட புள்ளைன்னு சொல்றதுக்கு முன்னாடி மூணு விஷயத்தை எழுதிப் பாக்கணுமாம். எத்தனை மணிக்கு, அதுக்கு முந்தி என்ன நடந்தது, அப்புறம் நாம என்ன செஞ்சோம்"னாங்க. நான் எழுதுறதான்னு கேட்டேன். உனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுன்னுட்டாங்க.

சேலையூர்லேருந்து பேரப்புள்ளையைத் தேடி வர்ற ஒரு அம்மா நான் எழுதுறதைப் பாத்துட்டு, கணக்குப் பரீட்சையான்னு கேட்டுட்டுப் போனாங்க. அப்படித்தான் இருந்திருக்கும் என் மூஞ்சி. கடிச்ச நாளுக்கு ரெண்டு பல்லு வரைஞ்சேன், கடிக்காத நாளுக்கு ஒரு வட்டம். சனி, ஞாயிறு போக ஏழு நாள் எழுதினதுல அஞ்சு நாள் பல்லு. மணி எல்லாம் பதினொண்ணுக்கும் பதினொண்ணரைக்கும் நடுவுல. முந்தி என்ன நடந்ததுங்குற இடத்துல எல்லாப் பக்கத்துலயும் ஒரே வரிதான் எழுதியிருந்தேன்: நான் உள்ளே இருந்தேன், பார்க்கவில்லை. டீச்சர் புரட்டிப் பாத்துட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டிக்கிட்டே சொன்னாங்க: "இப்போ நமக்குத் தெரிஞ்சிருக்குறது ஹரிணியைப் பத்தி இல்ல செல்வி, உன்னைப் பத்தி."

கேஸ்கட் கிழிஞ்ச நாள்

அந்தப் பேச்சு குத்திக்கிட்டே இருந்தது. சமையல்கட்டுல இருந்தாலும் ஒரு கண்ணு வெளியில இருக்கணும்னு அதோட வாசல் திரையைக் கழட்டிப் போட்டேன். அந்த நேரம் பாத்துப் பெரிய குக்கரோட கேஸ்கட் கிழிஞ்சு போச்சு. புதுசு வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போக நேரம் இல்ல. ரெண்டு நாள் அண்டாவுலதான் சாதம், சாம்பார் எல்லாம். ரெண்டு நாளும் நோட்டுல வட்டம்.

மூணாம் நாள் புது கேஸ்கட் போட்டு அடுப்புல ஏத்தினேன். திரை இல்லாததால ஹரிணி நல்லாத் தெரிஞ்சா. விளையாட்டுக் கட்டையை அடுக்கிக்கிட்டு இருந்தா. முதல் விசில் வந்தது. அவ உடம்பு தூக்கிவாரிப் போட்டுது, தோள் ரெண்டும் காதுக்கிட்டப் போச்சு. ரெண்டாவது விசில். கட்டையை விட்டுட்டுப் பக்கத்துல இருந்த பையனோட சட்டையை இறுக்கிப் பிடிச்சா. அவன் உதறினான். மூணாவது விசிலுக்கு அவன் கை அவ வாயில.

அடுப்பை அணைச்சுட்டு ஓடிப் போய் ரெண்டு பேரையும் பிரிச்சேன். கோவத்துல கடிக்கிறான்னு ஊரே சொல்லுச்சு, நானும் சொன்னேன். அவ பயத்துல கையில கிடைச்சதைப் பிடிச்சுத் தொங்கியிருக்கா. தினமும் பதினொண்ணு மணிக்கு அந்தப் பயத்தை அடுப்புல ஏத்தினது நான். அதுக்கு அவளைச் செருப்புப் பக்கத்துல உக்காரவச்சதும் நான். சாயங்காலம் லதா வந்ததும் வீட்டுல குக்கர் சத்தத்துக்குப் பயப்படுவாளான்னு கேட்டேன். லதா முழிச்சா: "எங்க வூட்ல இன்னா குக்கர் கீது ஆயா? நான் எப்பவும் வடிக்கிறவ."

விசில் எண்ணும் உத்தியோகம்

அண்டாவுலயே சமைச்சுடலாம்னாங்க டீச்சர். நான் வேண்டாம்னேன். டீச்சர் பேச்சுக்கு நான் வேண்டாம்னு சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் பெரிய ஸ்கூல் போவா, அங்க மணி அடிக்கும். ஒவ்வொரு சத்தத்தையும் நாம போய் நிறுத்திக்கிட்டு இருக்க முடியுமா?

காலையிலேயே வெறும் குக்கரை நடுக்கூடத்துக்குத் தூக்கிக்கிட்டு வந்தேன். இருபத்திரண்டு புள்ளைங்களும் தொட்டுப் பாத்துச்சுங்க. வெயிட்டைக் கையில குடுத்தேன், ஆளாளுக்கு உஸ்ஸுன்னு விசில் அடிச்சுச்சுங்க. ஹரிணி கடைசியா வந்து ஒரு விரலால தொட்டுட்டு ஓடினா. பதினொண்ணு மணிக்கு, சத்தம் வரப் போகுது, வா ஹரிணின்னு முன்கூட்டியே கூப்பிட்டு, டீச்சர் மடியில உக்காரவச்சு சிலேட்டைக் குடுத்தோம். ஒரு விசிலுக்கு ஒரு கோடு. முதல் நாள் சிலேட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. ஆனா கோடு போட்டா. பயம், கோவம், அழுகைன்னு மூஞ்சி வரைஞ்ச அட்டைங்க பயிற்சியில குடுத்திருந்தாங்க, அதுல பயத்தை எடுத்து என்கிட்ட நீட்டவும் பழக்கினோம். நடுவுல ஒரு நாள் கடிச்சா. நோட்டுல பல்லு வரைஞ்சுட்டு மறுநாள் மறுபடியும் சிலேட்டு.

ஒரு வாரத்துல மத்ததுங்களும் சிலேட்டைத் தூக்கிக்கிட்டு வந்துடுச்சுங்க. சாதத்துக்கு மூணு கோடு, பருப்புக்கு நாலு. கோடு போட்டுப் பழகினதுங்க பக்கத்துல எண்ணையும் எழுத ஆரம்பிச்சுதுங்க. டீச்சர் ரெண்டு மாசமாச் சொல்லிக் குடுத்தும் வராத நாலு, குக்கர்ல வந்தது. ஒரு நாள் நான் முட்டை உரிச்சுக்கிட்டே கவனிக்காம விட்டுட்டேன். வாசல்லேருந்து ஹரிணி ஒரு கத்துக் கத்தினா: "ஆயா, மூணு ஆயிடுச்சு, அடுப்ப அணை, சோறு கொழைஞ்சுடும்!"

வெள்ளிக்கிழமை

மேடம் வந்தாங்க. பாயில அம்மாங்க எல்லாம் உக்காந்திருந்தாங்க, லதா கடைசியில சுவத்தோரமா. கம்பெனியில அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருந்தா. அவ கிட்ட முன்னாடியே சொல்லிடணும்னு நாலு தடவை வாசல் வரைக்கும் போனேன். வாய் வரல. மேடம் மனுவைச் சத்தமா வாசிச்சு, "முதல் கையெழுத்து, செல்வி, உதவியாளர்"னாங்க. லதா என்னை நிமிர்ந்து பாத்தா. அந்தப் பார்வையை நான் இங்க எழுதப் போறதில்ல.

எழுந்து நின்னேன். புடவைத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டே இருக்கேன். "அது நான் போட்டதுதான் மேடம். அதை அடிச்சுடுங்க. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்போ எழுதி வச்சிருக்கேன்"னு நோட்டை நீட்டினேன். சுமதி அக்காவுக்கு ஆத்திரம். "உன் புள்ள கை ஆறிடுச்சு, அதான் பேசற. எம் பையன் இன்னமும் தூக்கத்துல பயந்து அழுவுறான்"னாங்க. அதுவும் உண்மைதான். "அவன் அழுவுறதையும் எழுதுறேன் அக்கா. அவன் உக்காருற இடம், அவனுக்கு யாரு பக்கத்துல இருந்தா பயம் போகுது, எல்லாத்தையும் எழுதுறேன். ஹரிணியைப் பூட்டி வச்சா அவன் பயம் போயிடுமா? எனக்கு இந்தப் புள்ளையை விட மனசு இல்ல"ன்னேன். என் வாழ்க்கையில நான் இவ்ளோ நீளமாப் பேசினது அன்னைக்குத்தான். பேசி முடிச்சதும் உக்காரணும்னுகூடத் தோணாம நின்னுக்கிட்டே இருந்தேன்.

மேடம் ஒவ்வொரு பக்கமாப் பாத்தாங்க. பல்லு, பல்லு, வட்டம், வட்டம், பல்லு, அப்புறம் நடுவுல ஒரே ஒரு பல்லு தவிர வரிசையா வட்டம். என் எழுத்தைப் படிக்க அவங்களுக்கே கொஞ்சம் நேரம் பிடிச்சுது. கடைசியில மனுவை மடிச்சு நோட்டுக்குள்ள வச்சு என்கிட்டயே குடுத்தாங்க: "ஒரு மாசம் பாக்கலாம். புள்ள இங்கயே இருக்கட்டும், ஆனா நீ எழுதுறதை நிறுத்தினா நான் மனுவை எடுப்பேன்."

புது நோட்டு

நிறுத்தல. மாசம் முடிஞ்சு போன வாரம் மேடம் திரும்பி வந்து, ரிஜிஸ்டர்ல ஹரிணி பேருக்கு நேரா 'தொடரலாம்'னு எழுதிட்டுப் போனாங்க. அந்த மாசத்துல ரெண்டே ரெண்டு பல்லுதான். சுமதி அக்கா மனுவிலேருந்து கையெழுத்தை எடுக்கல, பையனையும் நிறுத்தல. காலையில அவனை விடும்போது நேத்து என்ன எழுதினேன்னு மட்டும் விடாமக் கேக்குறாங்க. லதாதான் என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா. புள்ளையை விடுவா, கூட்டிக்கிட்டுப் போவா, தலையைக் குனிஞ்சுக்கிட்டே. நானும் குனிஞ்சுக்கிட்டேதான். வெக்கப்படுறவ ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டா எவ்ளோ நாள் இழுக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நேத்து ஊஞ்சலுக்குச் சண்டை. குக்கரும் இல்ல, விசிலும் இல்ல. யாழினி ஹரிணியைக் கடிச்சுட்டா. ஆமா, என் பொண்ணுதான். மணிக்கட்டுல, நல்லா அழுத்தமா. சாயங்காலம் லதா வந்ததும் நானே போய் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினேன். இந்தத் தடவை மறைக்கக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். லதா, எம் பொண்ணு கடிச்சுட்டா, எந்தப் பேப்பர்ல வேணும்னாலும் முதல் கையெழுத்து நானே போடுறேன்னேன். அவ ரொம்ப நேரம் அந்தக் கையைத் தடவிக்கிட்டே இருந்தா. சிரிக்கிறாளா அழுவுறாளான்னே தெரியல. ஒரு மாசத்துக்கு மேல ஆயி, அப்போதான் என்கிட்டப் பேசினா: "கையெழுத்தெல்லாம் வாணாம் ஆயா, உம் பொண்ணுக்கும் ஒரு நோட்டு போடு."

போட்டாச்சு. அட்டையில யாழினின்னு பேரு எழுதி, முதல் பக்கத்துல பல்லும் வரைஞ்சாச்சு. ஆக இந்த உத்தியோகத்துல நான் கத்துக்கிட்டதை ஒரே வரியில சொல்லணும்னா, கடிக்கிற புள்ள எப்பவும் அடுத்தவங்க புள்ளையாவே இருக்கும்னு நம்பிக்கிட்டு இருக்குற வரைக்கும் நமக்கு... இருங்க, டீச்சர் கத்துறாங்க, யாழினி மறுபடியும் யாரோட கையையோ...